சுவர் பழசான வரிசையில்

என் செட்டிநாட்டு ஓவியங்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கலர் பெயரைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கறைக்கு என்ன கலர், அந்தப் பாசிக்கு எந்தப் பச்சை, காரை பெயர்ந்த இடத்துக்கு எந்த பிரஷ். சொல்கிறேன், எல்லாமே இந்தப் பதிவில் வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தச் சுவரில் மழைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக இறங்குகிறது, எங்கே போய்த் தங்குகிறது? இது தெரிந்துவிட்டால் கறை எங்கே தொடங்க வேண்டும், எங்கே தேய்ந்து மறைய வேண்டும் என்பதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

நம்மூரில் தெருவோரம் உட்கார்ந்து வரைவது என்றாலே நீர்வண்ணம்தான். சீக்கிரம் காயும், தூக்கிக்கொண்டு அலைவது சுலபம், நம் வெயிலுக்கும் ஏற்றது. எனக்கும் அதில் மிகுந்த பிரியம் உண்டு. ஆனால் நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளை. அதை விட்டுவிட்டுச் சுற்றி வரைய வேண்டும். பழைய சுவர் அப்படி உருவானதல்ல. அடியில் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் வருஷா வருஷம் அடித்த வெள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே மழையும் வெயிலும். எண்ணெய் வண்ணமும் இப்படி அடுக்கடுக்காக ஏறுவதுதான். இருட்டின்மேல் வெளுப்பை வைக்கலாம், காய்வதற்குள் கத்தியால் சுரண்டி அடியில் இருப்பதை வெளியே எடுக்கலாம். சுவர் எந்த வரிசையில் பழசானதோ அதே வரிசையில் படத்தையும் கட்டிக்கொண்டு போகலாம். நான் கற்றுக்கொண்டதில் எதை வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

செட்டிநாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடியைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். இங்குள்ள வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்து கொண்டுவந்த பணத்தில், 1850களில் தொடங்கிச் சுமார் நூறு வருஷம் இந்த வீடுகளைக் கட்டினார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்தப் பணத்தின் ஊற்று அடைபட்டது. வீடுகள் பல வாரிசுகளின் பொதுச்சொத்தாகி, பூட்டிக் கிடக்கின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது நல்ல செய்தி. ஆனாலும் இன்னமும் வீடுகள் இடிபட்டு, தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது. நான் அவசர அவசரமாக இந்த வீடுகளை வரைந்துகொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்குச் சுவரைச் சொல்லிக்கொடுத்தவர் ஓவியர் இல்லை, ஒரு கொத்தனார். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் எதிர்த்த திண்ணையில் ஸ்டாண்டை வைத்து வரைந்துகொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியவர் வந்து பார்த்தார்.

"இந்த இடத்துல காரை பேந்திருக்கே, அதுக்குள்ள ஏன் தம்பி செங்கல் தெரியல?"

"இன்னும் வரையலண்ணே, கடைசியா வைக்கலாம்னு."

"செங்கல் கடைசியா எப்படி வரும்? அதுதானே மொதல்ல வந்துச்சு?"

அன்றிலிருந்து என் பலகையில் முதல் பூச்சு செங்கல்தான்.

அவர் சொன்ன பூச்சு முறையைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். முதலில் மணலும் சுண்ணாம்பும் கலந்த முரட்டுப் பூச்சு. அது இறுகியதும் அதைவிட நைசான பூச்சு. அப்புறம் அரைத்துச் சலித்த சுண்ணாம்பு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, அதை வழவழவென்று தேய்த்து மெருகேற்றுவது. சில வளவுகளில் அந்தச் சுவரைத் தொட்டால் இன்றைக்கும் கை வழுக்கும்.

"உள்ள இருக்கிறதைவிட மேல பூசுறது பலமா இருக்கப்படாது தம்பி. சுண்ணாம்பு மேல சிமெண்டப் போட்டா அது ஒட்டாம தனியா நிக்கும். உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகணும்ல? போக வழியில்லன்னா ஒருநாள் தகடு தகடா விழுந்துரும்."

எண்ணெய் வண்ணத்திலும் இதற்கு உறவான விதி ஒன்று இருக்கிறது. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் கூடுதல். எண்ணெய் அதிகமுள்ள பூச்சு மெதுவாகக் காயும், ரொம்ப நாள் வளைந்துகொடுக்கும். அதன்மேல் டர்பன்டைன் மட்டும் கலந்த வறண்ட பூச்சை வைத்தால் அது சீக்கிரம் இறுகிவிடும். அடியில் இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருக்கும், மேலே விரிசல் விடும். சுவரானாலும் படமானாலும், அசையும் உடம்பின்மேல் விறைப்பான தோல் நிற்காது.

இன்னொரு ஒற்றுமை எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. சுண்ணாம்பு வெறுமனே தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஆளிவிதை எண்ணெயும் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. இரண்டுக்கும் காற்று வேண்டும், இரண்டுக்கும் நாள் வேண்டும்.

டியூபுக்குள் இருப்பதும் பெரும்பாலும் சுவரில் இருப்பதுதான். திண்ணைக்குக் கீழே அடிக்கும் காவிப் பட்டை இரும்புத்துரு கலந்த மண். கடையில் லைட் ரெட், இண்டியன் ரெட் என்று விற்பதும் இரும்பு ஆக்ஸைடுதான். பர்ன்ட் சியன்னா என்பது ஒரு மஞ்சள்பழுப்பு மண்ணை வறுத்துச் சிவப்பாக்கியது. சூளையில் களிமண் செங்கல்லாகச் சிவப்பதும் அதே இரும்பு சூட்டில் மாறுவதால்தான். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் பளிச்சென்று தெரிய நம்மவர்கள் கொஞ்சம் சலவை நீலம் போடுவார்கள் இல்லையா, அந்த நீலப்பொடியும் நம் பெட்டியிலிருக்கும் அல்ட்ராமரினும் ஒரே பொருள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய சுவருக்கு டஜன் கணக்கில் டியூப் வாங்கும் ஆசை போய்விடும். என்னிடம் இருப்பது யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், ரா அம்பர், அல்ட்ராமரின், ஐவரி பிளாக், டைட்டானியம் ஒயிட். வெள்ளை வாங்கும்போது மட்டும் டியூபின் பின்பக்கம் ஜிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிங்க் ஒயிட் வருஷம் போகப்போக நொறுங்கும் தன்மை கொண்டது. பெரிய பரப்பான சுவருக்கு அது வேண்டாம்.

இனி வேலை. நான் துணியைவிடப் பலகையையே விரும்புகிறேன், கத்தியை அழுத்தித் தேய்த்தாலும் பலகை உள்வாங்காது. எம்.டி.எஃப் பலகையில் இரண்டு கை ஜெஸ்ஸோ அடிப்பூச்சு. அடித்துக் காயவிடும்போது பிரஷ் தடத்தை வழிக்காமல் தாறுமாறாக விட்டுவிடுவேன். அந்த முரடு பின்னால் காரைக்கு உதவும்.

அப்புறம் வீட்டை நிறுத்த வேண்டும். சிதைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் வீடு நிற்க வேண்டும். தூக்குக்குண்டு மாதிரி பிரஷைக் காம்பு நுனியில் தொங்கவிட்டுப் பிடித்து, எந்தத் தூண் நேர், எது சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். பழைய வீட்டில் எல்லாம் கோணல் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. செட்டிநாட்டில் அப்படி இல்லை. அடித்தளம் உயரமாக, கெட்டியாக இருக்கும். சுவர் நேராகவே நிற்கும், தோல்தான் உரிந்திருக்கும். அந்த நேரான கோடு இருந்தால்தான் உரிந்த தோலுக்கு அர்த்தம்.

முதல் பூச்சு பர்ன்ட் சியன்னாவும் லைட் ரெட்டும், டர்பன்டைனில் கரைத்து மெலிதாக, சுவர் முழுக்க. இது செங்கல். காய்ந்ததும் ரா அம்பர், வெள்ளை, துளி ஆக்கர் கலந்த ஒரு சாம்பல், கத்தியால். கொத்தனார் கரண்டியைப் படுக்கவைத்து இழுப்பாரே, அப்படியேதான். இது காரை. காரை பெயர்ந்த இடம் வரப்போகும் பக்கத்தில் கத்தி சுவரைத் தொடாமல் தாண்டிப் போகும். அங்கே சிவப்பு தானாகத் தெரியும். அந்த ஓரத்தைப் பிரஷால் வரைந்தால் வரைந்த மாதிரியே இருக்கும், கத்தி விட்டுப்போன ஓரம் உடைந்த மாதிரி இருக்கும்.

அதன்மேல் வெள்ளை. இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளத்தூரில் ஒரு சந்துச் சுவரிலிருந்து தானாக உதிர்ந்து கிடந்த ஒரு பொருக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் இருக்கும். அதன் ஓரத்தை வெயிலில் திருப்பினால் கோடு கோடாகத் தெரிந்தது. வெள்ளை, நீலம் கூடிய வெள்ளை, மறுபடி வெள்ளை, ஒரு மெல்லிய மஞ்சள், அதன்மேல் வெளிறிப்போன ஒரு பச்சை. ஒவ்வொரு கோடும் ஒரு பொங்கலோ ஒரு கல்யாணமோ. அந்த வீட்டுச் சுவரில் எந்த இடத்தில் எத்தனை கோடு உதிர்ந்திருக்கிறது என்பதை வைத்து ஒரே சுவரில் நாலைந்து வெள்ளை இருந்தது. ஆகவே ஒரு வெள்ளையைக் கலந்து சுவர் முழுக்க அடிக்காதீர்கள். மூன்று நான்கு வெள்ளை கலந்து வைத்துக்கொண்டு, பன்றிமுடி பிரஷில் கொஞ்சமாகத் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் காரையின்மேல் லேசாகத் தேயுங்கள். மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும், பள்ளத்தில் சாம்பல் நிற்கும்.

இதெல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மழை. ரா அம்பரும் அல்ட்ராமரினும் கலந்து, ஆளிவிதை எண்ணெய் கூட்டி, கண்ணாடி மாதிரி மெலிதாக. சன்னலுக்குக் கீழே இருக்கும் விளிம்பைப் பாருங்கள். நடுவில் சுவர் சுத்தமாக இருக்கும், இரண்டு முனையிலும்தான் கறை. விளிம்பில் சேர்ந்த தண்ணீர் முனைக்கு ஓடி அங்கேதான் வழிகிறது. கறை தொடங்கும் இடத்தில் இரண்டு விரல் அகலத்தில் அடர்த்தியாக இருக்கும். இறங்க இறங்கப் பரவி வெளுக்கும். வழியில் காரை பெயர்ந்த ஓரம் இருந்தால் அங்கே ஒதுங்கிப் பக்கவாட்டில் போகும். சன்னல் கம்பியிலிருந்து இறங்கும் துருக்கறை இதற்குள் தனியாக, ஆரஞ்சு கலந்த பழுப்பில், ஒல்லியாக வரும். பிரஷால் மேலே ஒரு தொடுகை, துணியைச் சுற்றிய விரலால் கீழ்நோக்கி ஓர் இழுப்பு, அவ்வளவுதான். மழை எப்படி இறங்கியதோ அந்தத் திசையில்தான் கையும் இறங்க வேண்டும்.

திசையையும் கவனியுங்கள். இங்கே பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே போயிருப்பதால் வடக்குச் சுவருக்கு மாசி வரை வெயிலே கிடையாது. நனைந்தது காயாமல் பாசி பிடித்து நிற்கும். தெற்கு, மேற்குச் சுவர்கள் வெளுத்து, பொரிந்து, பொருக்குவிட்டிருக்கும். ஒரே வீட்டின் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் பழசாகியிருக்கும். பாசிக்கு எந்தப் பச்சை என்று கேட்டீர்கள் அல்லவா? பச்சை டியூபே வேண்டாம். ஐவரி பிளாக்கோடு யெல்லோ ஆக்கர் சேர்த்தால் ஒரு மங்கிய பச்சை வரும், அது போதும். சித்திரை வெயிலில் பாசி பச்சையாக இருக்காது, கறுப்பாக இருக்கும். மழை விழுந்தால்தான் பச்சை எழும்பும். எந்த மாதத்தில் வரைகிறீர்கள் என்பது படத்தில் தெரிய வேண்டும்.

அடிச்சுவர் வேறு கதை. தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். உப்பு உள்ளேயே பூத்துக் காரையைத் தள்ளும். அங்கே சுவர் பொரிந்து, வெள்ளைப் பொடியாக உதிரும். அதற்கும் கீழே, செம்மண் தெருவில் மழைத்துளி விழுந்து தெறித்த சிவப்பு முழங்கால் உயரம்வரை புள்ளி புள்ளியாக ஏறியிருக்கும். லைட் ரெட்டைத் தண்ணீர் போல ஓடும்படி கரைத்து, பழைய டூத்பிரஷில் தொட்டு, விரலால் சுண்டித் தெளித்தால் வரும். இந்தச் சிவப்பு இல்லாத செட்டிநாட்டுச் சுவர் எந்த ஊர்ச் சுவராகவும் இருந்துவிடும்.

வெளிச்சத்துக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பது. சுவரை உரசிக்கொண்டு வரும் அந்த வெயிலில்தான் பூச்சின் மேடுபள்ளம் தெரியும், உச்சிவெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவர், வெயில் படும் மரக்கதவைவிட இருட்டாகவே இருக்கும். அந்த நிழலும் சாம்பல் இல்லை. தெருவின் செம்மண் வெயிலை வாங்கித் தாழ்வாரத்தின் அடிப்பக்கத்துக்கு எறிவதால் அங்கே ஒரு சூடான ரோஜாச் சாயல் இருக்கும். பழைய வீட்டு உள்வெளிச்சத்தைப் படிக்க வேண்டுமென்றால் 2021-ல் நம்மை விட்டுப்போன எஸ். இளையராஜாவின் எண்ணெய் ஓவியங்களைப் பாருங்கள். எல்லோரும் அவர் வரைந்த பெண்களைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் இருக்கும் கதவையும் சன்னலையும் நெடுநேரம் பார்த்திருக்கிறேன்.

வெளியூர் ஆசான் ஒருவர் போதும் எனக்கு. தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர், 1782 வாக்கில் நேப்பிள்ஸில் ஒரு சுவரை வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. தாளில் எண்ணெய் வண்ணம், சுமார் 11 சென்டிமீட்டர் உயரம், 16 சென்டிமீட்டர் அகலம். இத்தாலிக்குப் போன ஓவியர்கள் ரோமாபுரியின் இடிபாடுகளையும் வெசுவியஸ் எரிமலையையும் தேடிப்போன காலத்தில், இவர் எதிரே இருந்த ஒரு சாதாரண வீட்டுச் சுவரைப் படம் நிறைய வைத்தார். ஒரு சின்ன பால்கனி, காயப்போட்ட துணி, சுவரில் சாரம் கட்டிய ஓட்டைகள். பால்கனிக்குக் கீழே தண்ணீர் ஊற்றி ஊற்றி இறங்கிய ஒரு கறை. கறையும் அதற்குக் காரணமும் ஒரே படத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அந்தக் கறைக்குப் பின்னால் ஒரு குடித்தனமே இருக்கிறது. கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர்கள் இந்த அளவில் வரைந்து பழகினால் நல்லது. இவ்வளவு சின்னப் பரப்பில் ஒவ்வொரு செங்கல்லையும் துரத்த முடியாது, எது முக்கியம் என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

குடித்தனம் என்று சொன்னதும் ஓர் ஆச்சி நினைவுக்கு வருகிறார். அவர் வீட்டுப் பின்கட்டுச் சுவரை வரைந்துகொண்டிருந்தபோது மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்ப்பா, முகப்பு எம்புட்டு அழகா இருக்கு, அதை விட்டுட்டு இடிஞ்சதைப் போயி வரையிறியே?"

"இந்தச் சுவர்ல எல்லாமே இருக்கு ஆச்சி."

"என்னத்த இருக்கு? அப்பச்சி இருந்தவரைக்கும் வருஷம் தவறாம வெள்ளையடிப்பாக. இப்ப ஆருக்கு முடியுது?"

அவர் குரலில் இருந்தது வருத்தம் மட்டும் இல்லை, கூச்சமும் இருந்தது. வெளியாள் ஒருவன் வந்து தன் வீட்டின் குறையை உட்கார்ந்து எழுதுகிறானே என்ற கூச்சம். அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சிதைவை மட்டும் நெருக்கிப் பிடித்து, வீடு எது என்றே தெரியாமல் வரைகிற படங்கள் எனக்கு ஒப்பவில்லை. ஆச்சியின் சுவரில் கறை இருந்தது, அதன் பக்கத்தில் அன்று காலை துடைத்த மாடக்குழியும் இருந்தது, புதிதாகப் போட்ட கோலமும் இருந்தது. மூன்றையும் வைத்தேன். பார்த்தவர், மாடக்குழிக்குள் அகல் இருக்கும், அதையும் போடு என்றார். போட்டேன்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். அம்பர் வகை வண்ணங்களில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும், மெலிதாக அடித்தால் ஓரிரு நாளில் அடுத்த பூச்சுக்குத் தயார். ஐவரி பிளாக் இழுத்துக்கொண்டே போகும். மழைக்காலத்தில் எல்லாமே தாமதம்தான், அவசரப்படாமல் இரண்டு மூன்று பலகைகளை மாற்றி மாற்றி வேலை செய்யுங்கள். டர்பன்டைனைத் திறந்துவைத்து மூடிய அறைக்குள் உட்காராதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகரடப்பாவில் போட்டு மூடிவையுங்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்போது பலகையில் இருப்பது ஒரு பர்மாத் தேக்குக் கதவு. தாழ்வார நிழலில் இருக்கும் மேல்பாதி இன்னமும் எண்ணெய்ப் பழுப்பு. வெயிலும் சாரலும் படும் கீழ்ப்பாதி நரைத்துச் சாம்பலாகிவிட்டது. வெயில் மரத்தின் பழுப்பை உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, நார் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே இங்கேயும் பழுப்பை முதலில் அடித்துக் காயவிட்டு, பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின், வெள்ளை கலந்த சாம்பலை அதன்மேல் இழைப்போக்கில் உலர்பிரஷால் இழுத்துக்கொண்டிருக்கிறேன். இரும்பு வளையத்தைச் சுற்றித் தேக்கு கறுத்திருப்பது இன்னும் பாக்கி, அது நாளைக்கு. வார்னிஷ் அடிக்க எப்படியும் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், அதனால் படத்தை வார்னிஷ் இல்லாமலேயே அடுத்த பதிவில் போட்டுவிடுகிறேன்.